செருப்பு டயரும் சிலிக்கான் டயரும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றில் திணறி ஏறும் பஸ்ஸைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் தாங்களும் ஒரு பஸ் செய்து பார்த்தார்கள். உடம்புக்கு அட்டைப்பெட்டி போதும். சக்கரத்துக்குத்தான் அலைய வேண்டும். அடிவாரத்தில் கோடை வந்தால் நுங்குக் கூந்தல் கிடைக்கும். இரண்டு கூந்தல், நடுவே ஒரு குச்சி, தள்ள ஒரு கவைக்கொம்பு. காய்ந்து சுருங்கும்வரை ஓடும். மேலே, 1,500 மீட்டர் உயரத்தில், பனை கிடையாது. அங்கே தேய்ந்த ஹவாய் செருப்புதான் டயர்.

செருப்பில் குதிகாலும் முன்பாதமும் தேய்ந்து மெலிந்திருக்கும். உள்வளைவு விழும் நடுப்பகுதியில்தான் ரப்பர் தடிப்பாக நிற்கும். வட்டம் எடுப்பது அங்கிருந்துதான். மாத்திரை டப்பா மூடியை வைத்துக் கோடு போட்டு, பிளேடைத் தண்ணீரில் நனைத்து அறுக்க வேண்டும். நனைக்காத பிளேடு ரப்பரில் கவ்விக்கொள்ளும். நடுவில் காய்ச்சிய கம்பியால் ஒரு துளை. டயரின் விளிம்பில் மேலே வெள்ளை, கீழே நீலம் என இரண்டு பட்டைகள் தெரியும். எந்த பஸ்ஸுக்கும் அப்படி டயர் இருந்ததில்லை. ஆனால் சரளைக்கல்லில் அது துள்ளாமல் பிடித்து ஓடியது.

இன்று மாதிரி பஸ் செய்பவர்கள் ஃபோம் ஷீட்டை அறுத்து, கண்ணாடிச் சட்டம் முதல் ஏணிவரை அளவு பிசகாமல் அமைக்கிறார்கள். பஸ்களில் நெடுங்காலம் ஓடிய 10.00-20 டயரை 1:24 அளவில் செய்தால் விட்டம் சுமார் 4.4 செ.மீ., அகலம் 1 செ.மீ. சொச்சம். டயரின் வரிப்பள்ளங்களைக்கூட முப்பரிமாண அச்சில் வார்த்துவிடலாம். மூடியை வைத்துக் கோடு போட்ட கைக்கு எட்டாத நேர்த்தி இது. மனதார மெச்ச வேண்டியது.

அன்று டயரை முடித்தது சாலை. இன்றைய டயர் அலமாரியில் நின்றபடியே கெடுகிறது. மென்மையான பி.வி.சி. டயரில் கலந்த இளக்கி எண்ணெய் மெல்லக் கசிந்து, பாலிஸ்டைரீன் ரிம்மைக் கரைத்துவிடும். இயற்கை ரப்பர் இழுபட்டு நின்றால் காற்றிலுள்ள ஓசோன் பட்டு வெடிக்கும். பாலியூரித்தேனில் பாலியெஸ்டர் வகை ஈரத்தில் உதிரும். ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் வைப்பதென்றால் பாலிஈதர் வகைதானா என்று கேட்டு வாங்குவதே நல்லது. சிலிக்கான் வெயிலுக்கும் ஈரத்துக்கும் அசையாது, பிளாஸ்டிக்கையும் கெடுக்காது. ஆனால் ஒரு கீறல் விழுந்தால் கிழிந்துகொண்டே போகும். சாதாரணப் பெயின்ட்டும் அதில் ஒட்டாது. ஆகவே காட்சிக்கு வைப்பதற்குச் சிலிக்கான், தரையில் ஓட்டுவதற்குப் பாலியூரித்தேன் என்பது என் தேர்வு.

செருப்பு டயர் செய்தவர்களுக்கு இந்தப் பெயர்கள் ஒன்றும் தெரியாது. எந்த வீட்டுச் செருப்பு கெட்டி, எது சீக்கிரம் பிய்யும் என்பது மட்டும் விரலால் அழுத்தியதுமே தெரிந்துவிடும். இன்று ஒரு பிள்ளை அதே டயரை அறுக்க உட்கார்ந்தால், கையில் கிடைப்பது பெரும்பாலும் ஈ.வி.ஏ. செருப்பு. பழையதைவிட எடை குறைவு, பிளேடுக்கும் எளிதில் வழிவிடும். ஆனால் பஸ்ஸை ஏற்றிச் சில வாரம் நிறுத்தி வைத்தால் அடிப்பக்கம் தட்டையாகி, உருட்டும்போது தடக் தடக்கென்று தட்டும்.