கணினியில் நீங்கள் இப்போது எங்கே நிற்கிறீர்கள்?

அடுக்குமாடிக் கட்டடத்தில் தவறான மாடியில் மின்தூக்கியிலிருந்து இறங்கியிருக்கிறீர்களா? எல்லா மாடிகளும் ஒரே மாதிரிதான் இருக்கும். இடப்பக்கம் மூன்றாவது கதவு அங்கேயும் இருக்கும். ஆனால் அது உங்கள் வீடல்ல.

கட்டளைகளைத் தட்டச்சு செய்து கணினியிடம் வேலை வாங்கும்போதும் இதே குழப்பம் நேரலாம். லினக்ஸ் கணினியிலோ ராஸ்பெர்ரி பையிலோ முனையத்தைத் திறந்தால், நம் கட்டளையை வாங்கி நிறைவேற்றும் நிரலின் பெயர் ஷெல். அது எப்போதும் ஏதாவது ஒரு கோப்புறைக்குள் நின்றபடிதான் வேலை செய்யும். “இங்குள்ள கோப்புகளை அழி” என்று சொன்னால், ‘இங்கு’ என்பது அந்தக் கோப்புறையைத்தான் குறிக்கும்.

பழைய படங்களை அழிக்க நினைக்கிறீர்கள். ஷெல்லோ உங்கள் அறிவியல் திட்டப்பணிக் கோப்புறையில் நிற்கிறது. ‘ஆர்எம்’ என்ற அழிக்கும் கட்டளை பெரும்பாலும் “உறுதியா?” என்று கேட்காது. அது அழித்தவை குப்பைத் தொட்டிக்கும் போகாது. ஒரு மாத உழைப்பு நொடியில் மறைந்துவிடும்.

‘பிடபிள்யூடி’ என்று தட்டினால் ஷெல் தான் நிற்கும் இடத்தைச் சொல்லும். ஆனால் ஒவ்வொரு முறையும் யார் கேட்டுக்கொண்டிருப்பார்கள்? நாம் கேட்காமலே சொல்ல வைப்பதுதான் நல்ல வழி. கட்டளைக்காகக் காத்திருக்கும்போது ஷெல் காட்டும் சிறு வரிக்குப் புரோம்ப்ட் என்று பெயர். சில கணினிகளில் அங்கே $ குறி மட்டுமே தெரியும்.

இது பழைய சிக்கல். எம்எஸ்-டாஸின் முதல் பதிப்பில் கோப்புறைகளே இல்லை. புரோம்ப்ட்டில் வட்டின் எழுத்து மட்டும் இருந்தால் போதுமானதாக இருந்தது. 1983இல் வந்த 2.0 பதிப்பில் கோப்புறைகள் வந்தன. புரோம்ப்ட் மட்டும் மாறவில்லை. எனவே பலரும் ‘புரோம்ப்ட் $பி$ஜி’ என்ற கட்டளையைத் தாங்களே சேர்த்து, நிற்கும் இடத்தைக் காட்டச் செய்தார்கள்.

லினக்ஸில் பரவலாகப் பயன்படும் ஷெல், பிரையன் ஃபாக்ஸ் 1989இல் வெளியிட்ட பேஷ். அதன் புரோம்ப்ட்டை ‘பிஎஸ்1’ என்ற மாறி தீர்மானிக்கிறது. செய்து பாருங்கள்: பி, எஸ் ஆகியவற்றை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் தட்டி, 1 என்ற எண்ணையும் சமக்குறியையும் இடைவெளியின்றிச் சேர்க்கவும். பிறகு ஒற்றை மேற்கோள் குறிகளுக்குள் \ குறி, சிறிய எழுத்து டபிள்யூ, ஓர் இடைவெளி, $ குறி, மீண்டும் ஓர் இடைவெளி. ‘என்டர்’ தட்டியதும் கோப்புறையின் முழுப் பாதை தெரியும். உங்கள் சொந்தக் கோப்புறை ~ என்று சுருக்கமாக வரும். ‘சிடி’ கட்டளையால் வேறு கோப்புறைக்குச் சென்றால் பாதையும் மாறும்.

பெரிய எழுத்து டபிள்யூ இட்டால் கடைசிக் கோப்புறையின் பெயர் மட்டுமே வரும். ‘படங்கள்’ என்ற பெயரில் இரண்டு கோப்புறைகள் இருந்தால் மறுபடியும் குழப்பம்தான். புளோக் எண் இல்லாமல் வீட்டு எண்ணை மட்டும் சொல்வதைப் போன்றது அது. தொடக்கத்தில் சிறிய எழுத்தே பாதுகாப்பானது.

சாளரத்தை மூடினால் இந்த மாற்றம் போய்விடும். நிலைக்க வேண்டுமானால், சொந்தக் கோப்புறையில் மறைந்திருக்கும் ‘.பேஷ்ஆர்சி’ கோப்பின் கடைசியில் அதே வரியைச் சேர்க்கவும். அதற்கு முன் அந்தக் கோப்பை நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அழிக்கும் கட்டளையைத் தட்டிவிட்டு உடனே ‘என்டர்’ போகாதீர்கள். வரியின் தொடக்கத்தை ஒருமுறை படியுங்கள். நீங்கள் நினைத்த கோப்புறைதானா அது?