மூக்கில் வளரும் சதை: உடலின் காவல் ஏன் போதவில்லை?



வயல் வேலை முடிந்ததும் குளத்திலோ வாய்க்காலிலோ இறங்கி முழுகுவது நம்மவர் வழக்கம். ஊர் விட்டு ஊர் வந்த பின்னும் அந்தப் பழக்கம் நம்மை விடவில்லை. அவ்வாறு குளிப்போரில் சிலருக்கு மூக்கினுள்ளே சிவந்த சதையொன்று வளர்வதுண்டு. அதன்மேல் சிறு வெள்ளைப் புள்ளிகள் தெரியும். தொட்டால் இரத்தம் கசியும், மூக்கு அடைபடும். வெட்கத்தால் மறைப்போர் சிலர். தானாகச் சுருங்கிவிடும் என்று காத்திருப்போர் பலர். அது தானாகச் சுருங்குமா?

இந்நோயின் பெயர் றைனோஸ்போரிடியோசிஸ். 1900இல் ஆர்ஜென்டினாவில் கியர்மோ சீபர் என்பவர் இதை விபரித்தார். ஆனால் இது அதிகம் காணப்படுவது இலங்கையிலும் இந்தியாவிலுமே. நெடுங்காலம் இதைப் பங்கசு நோய் என்றே கருதினர். 1999இல் மரபணு ஆய்வின் மூலம், இக்கிருமி மீன்களுக்கு நோய் தரும் ஒரு நுண்ணுயிர்க் கூட்டத்துக்கு உறவானது எனத் தெரிந்தது. தேங்கிய நீரில் குளிப்போர், நெல்வயலில் வேலை செய்வோர், ஆற்று மணல் அள்ளுவோர் ஆகியோரிடம் இது கூடுதலாக உண்டு. மூக்கின் மென்தோலில் ஏற்படும் சிறு கீறல் வழியே கிருமி புகுவதாகக் கருதப்படுகிறது. ஒருவரிடமிருந்து மற்றவருக்கு இது தொற்றுவதில்லை. மூக்கை அடுத்து கண்ணிலும் வரலாம். அரிதாகத் தோலுக்கடியிலும் கை கால்களிலும் உடலின் உள்ளுறுப்புகளிலும் பரவும்.

இனி, நம் உடல் என்ன செய்கிறது என்று பார்ப்போம். யானை வயலில் இறங்கினால் ஒருவர் பந்தம் பிடிப்பார், ஒருவர் தகரம் தட்டுவார், இன்னொருவர் எல்லோரையும் கூப்பிட்டு வழிநடத்துவார். நம் வெண்குருதிக் கலங்களும் அப்படித்தான். சில கலங்கள் கிருமியை விழுங்கும். கொல்லும் ரீ கலங்கள் கெட்ட கலங்களை அழிக்கும். உதவி ரீ கலங்கள் இவற்றையெல்லாம் ஏவி நடத்தும்.

நம் கண்டிக்கு அருகே, பேராதனைப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் பேராசிரியர் சரத் அர்சகுலரட்ன அவர்களும் அவருடன் பணியாற்றியோரும் இந்நோயாளரின் சதையை ஆராய்ந்து 2001இல் வெளியிட்டனர். விழுங்கும் கலங்களும் அங்கே இருந்தன, கொல்லும் ரீ கலங்களும் ஏராளமாக இருந்தன. ஆனால் ஏவி நடத்த வேண்டிய உதவி ரீ கலங்கள் மிகக் குறைவு. மேலும், நோயாளரின் ரீ கலங்களைக் கிருமியின் சாற்றுடன் சேர்த்தபோது, பெருக வேண்டிய அவை சிலரிடம் வழமையைவிடக் குறைவாகவே பெருகின. வேறொரு தூண்டுபொருளைச் சேர்த்தபோதோ அவை நன்கு பெருகின.

இதன் பொருள் என்ன? நோயாளியின் உடல் பலவீனமானதல்ல. காவலர் வந்திருக்கிறார்கள், ஆனால் அந்தக் காவல் அடக்கி வைக்கப்படுவதுபோல் தோன்றுகிறது. எனவே சத்து மாத்திரையும் கஷாயமும் இச்சதையைக் கரைக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். தானாகச் சுருங்குவதும் மிக அரிது.

செய்ய வேண்டியது இதுவே. வீட்டில் அதைப் பிய்க்கவோ சுடவோ வேண்டாம். ஒரு பையினுள் ஆயிரக்கணக்கான வித்திகள் உண்டு. பிய்த்தால் அவை சிந்தி, பக்கத்து இடங்களிலும் முளைக்கும். காது மூக்கு தொண்டை வைத்திய நிபுணரிடம் செல்லுங்கள். கண்டி தேசிய வைத்தியசாலையிலும் பேராதனை போதனா வைத்தியசாலையிலும் இப்பிரிவு உண்டு. அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். சதையை வெட்டி, அதன் அடியை மின்சூட்டினால் பொசுக்குவார்கள். மீண்டும் வளராதிருக்க டாப்சோன் மாத்திரையும் சிலருக்குத் தருவதுண்டு.

ஆயினும் சில மாதங்கள் கழித்தோ ஆண்டுகள் கழித்தோ இது திரும்ப வரலாம். இடம்பெயர்ந்த நமக்கு இதுவே பெரிய சிக்கல். இருப்பிடம் மாறும்போது கிளினிக் திகதி தவறிவிடுகிறது. கிளினிக் கொப்பியை அடையாள அட்டையைப் போல் பத்திரப்படுத்துங்கள். புதிய இடத்து வைத்தியரிடம் முன்பு செய்த சத்திர சிகிச்சையைத் தவறாமல் சொல்லுங்கள். முடிந்தவரை கிணற்று நீரில் குளியுங்கள், பிள்ளைகளையும் அவ்வாறே பழக்குங்கள். மூக்கில் வளர்ந்த சதை வெட்கப்பட வேண்டிய விடயமல்ல; காலத்தோடு காட்ட வேண்டிய நோய்.