ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு வளையம்

பிக்கப் வண்டி வாங்கிய சிலருக்கு, அதன் சக்கரங்கள் மட்கார்டுக்குள் ஒடுங்கி நிற்கின்றன என்ற எண்ணம் ஒருமுறை மனத்தில் புகுந்துவிட்டால், அவற்றை வெளியே தள்ளி நிறுத்தும்வரை நிம்மதி இராது. வேறு சிலரோ அலங்கார நோக்கமின்றி, அகலமான டயர் உட்புறத்தில் சஸ்பென்ஷனோடு உரசுவதால் அதே பரிகாரத்தை நாடுகிறார்கள். அந்தப் பரிகாரந்தான் ஹப்புக்கும் சக்கரத்துக்கும் இடையே வைத்து முடுக்கப்படும் ஸ்பேசர் என்னும் உலோக வளையம். கடைக்குப் போகிறவர் முதலில் விசாரிப்பது அது எத்தனை மில்லிமீட்டர் கனம் என்பதையே. என் அபிப்பிராயத்தில் அது கடைசியாகக் கேட்கவேண்டிய கேள்வி.

ஸ்பேசர் போட்டால் பேரிங் கெட்டுவிடும் என்று ஒர்க்‌ஷாப்புகளில் சொல்வதுண்டு. அது பொய்யன்று, ஆயினும் முழு உண்மையுமன்று. ஹப்பில் பொருந்தும் முகம் சக்கரத்தின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு வெளியே தள்ளி இருக்கிறது என்பதே ஆஃப்செட்; டொயோட்டா ஹைலக்ஸின் சக்கரத்தில் அது பொதுவாக 30 மில்லிமீட்டர். அந்த வண்டியில் 30 மில்லிமீட்டர் வளையத்தைப் பொருத்தினாலும், வளையமே இல்லாமல் பூஜ்ய ஆஃப்செட் உள்ள வேறு ரிம்மை மாட்டினாலும், சக்கரம் வெளியே நகரும் தூரம் ஒன்றே, பேரிங்கின்மேல் கூடும் நெம்பு பாரமும் ஒன்றே. வளையத்துக்கு மட்டுமே உரிய தோஷம் யாதெனில், முன்பு ஓரிடத்தில் இருந்த இணைப்பு இப்போது ஈரிடத்தில் ஆகிறது என்பதுதான். சக்கரத்தின் பாரத்தை ஸ்டட்டுகள் சுமக்கின்றன என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில், நட்டுகள் முடுக்கப்படும்போது இரண்டு உலோக முகங்கள் ஒன்றையொன்று அழுத்திப் பற்றுவதால் எழும் உராய்வே பிரதானமாக அதைத் தாங்குகிறது. இடையில் துருவோ பெயின்ட்டோ சேறோ இருந்தால் அந்தப் பிடி நாளடைவில் தளர்ந்து, தளர்ந்த பிடியில் சக்கரம் அசைந்து, அந்த அசைவினால் ஸ்டட்டுகள் முறிகின்றன.

ஆகவே தேர்வு செய்ய வேண்டியது இணைப்பின் தரத்தை. ஹைலக்ஸுக்கும் அமெரிக்கச் செவர்லே ஸில்வராடோவுக்கும் 139.7 மில்லிமீட்டர், அதாவது ஐந்தரை அங்குல வட்டத்தில், ஆறு ஸ்டட்டுகள்தாம்; பெட்டியின்மேல் அந்த எண்ணை மட்டும் கண்டு திருப்தியடைந்தவர் ஏமாந்து போவார். ஏனெனில் சக்கரத்தை நடுவில் தாங்கி நிறுத்தும் ஹப் விளிம்பு முன்னதில் 106.1 மில்லிமீட்டர், பின்னதில் 78.1, ஸ்டட்டின் மறை விட்டமும் முன்னதில் 12 மில்லிமீட்டர், பின்னதில் 14. எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் வளையங்களின் நடுத்துளை பெரிதாகவே வெட்டப்பட்டிருக்கும். எல்லாவற்றிலும் நுழையக்கூடியது எதிலும் கச்சிதமாக அமர்வதில்லை என்பதை வேகம் கூடியதும் ஸ்டியரிங்கின் நடுக்கம் தெரிவித்துவிடும். வளையத்தின் உட்புறம் வண்டியின் ஹப்பிலும், வெளிப்புறத்து விளிம்பு சக்கரத்தின் துளையிலும் இடைவெளியின்றி உட்காரவேண்டும்.

மெல்லிய வளையத்துக்குச் சொந்த ஸ்டட் கிடையாது. அதன் கனம் எவ்வளவோ அவ்வளவு மறையை நட்டு இழக்கிறது. 12 மில்லிமீட்டர் ஸ்டட்டில் குறைந்தது 12 மில்லிமீட்டர் நீளத்துக்காவது, ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளியுள்ள மறையில் எட்டுச் சுற்று, நட்டு ஏறியிருக்க வேண்டும். ஏறாவிட்டால் அந்த யோசனையைக் கைவிடுவதே க்ஷேமம். தனக்கென ஸ்டட்டுகள் உடையவை பெரும்பாலும் 25 மில்லிமீட்டரும் அதற்கு மேலுமாகக் கிடைக்கின்றன. இவற்றில் வண்டியின் பழைய ஸ்டட் நுனிகள் வளையத்தின் முகத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால், அவற்றுக்கு இடங்கொடுக்கும் குழிகள் ரிம்மின் பின்புறத்தில் இருந்தாலன்றிச் சக்கரம் சமமாக உட்காராது. உலோகத்தைப் பொறுத்தவரை, வார்ப்பு அலுமினியத்தை விலக்கி 6061-டி6 போன்ற உறுதியான அலுமினியக் கலவையில் கடைந்ததைக் கேட்டு வாங்கலாம். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டை அடுக்குவதை நான் விவாதிக்கவே விரும்பவில்லை.

இனி கனம். உட்புறத்து உரசலை நீக்கும் அளவு எதுவோ அதுவே போதுமானது. மிகையாகத் தள்ளினால், ஸ்டியரிங்கைத் திருப்பும்போது டயர் முன்னைவிடப் பெரிய வட்டத்தில் சுழன்று மட்கார்டின் ஓரத்தில் உராயத் தொடங்கும். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் குழியில் விழுந்தாலும் ஸ்டியரிங் கையை வெடுக்கென்று இழுக்கும். வளையத்துக்கும் புதிய ரிம்முக்கும் விலையில் அதிக வித்தியாசம் இல்லையென்றால், தக்க ஆஃப்செட் உள்ள ரிம்மை வாங்குவதே மேல்.

சட்டத்தையும் மறந்துவிடலாகாது. ஆஸ்திரேலியாவின் வாகன மாற்ற விதிகள், உற்பத்தியாளரே பொருத்தியிருந்தாலன்றி இவ்வளையங்களை அனுமதிப்பதில்லை. இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவோ, பதிவுச் சான்றிதழின் விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றோடு முரண்படும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. இன்ஷூரன்ஸ் நிறுவனத்தையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

பொருத்தும்போது ஹப்பின் முகத்தைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்து, வண்டியின் கையேடு கூறும் அளவுக்கு டார்க் ரெஞ்சினால் முடுக்க வேண்டும். நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடியும் சோதிக்க வேண்டும். சொந்த ஸ்டட் உடைய வளையத்தில் ஹப்போடு அதைப் பிணைக்கும் உள் நட்டுகள் சக்கரத்தின் பின்னே மறைந்திருப்பதால், சக்கரத்தைக் கழற்றாமல் அவற்றைத் தொடவே முடியாது. வெளி நட்டுகளை மட்டும் தட்டிப் பார்த்து வண்டியைத் திருப்பிக் கொடுப்பவர் சோதனையில் பாதியைத்தான் செய்திருக்கிறார்.