சீசரின் நாணயமும் அரிக்கமேட்டு ஓடுகளும்

கிறிஸ்து பிறப்பு விழா இரவுத் திருப்பலியில் லூக்கா நற்செய்தி வாசிக்கப்படும்போது அகுஸ்து சீசரின் பெயரைக் கேட்கிறோம். அதே நற்செய்தியின் 3ஆம் அதிகாரத்தில் திபேரியு சீசர் வருகிறார். ஆண்டுதோறும் கேட்டுப் பழகிய பெயர்கள்தான். ஆனாலும் அவர்கள் எங்கோ தொலைதூரத்தில், ஏறக்குறைய கதையில் வாழ்ந்த அரசர்களாகவே நம் மனதில் நின்றுவிட்டார்கள். அந்தக் காலத்தில் இத்தாலியில் சுட்ட மண்தட்டுகள், நெய்வேலி நகரியத்திலிருந்து பண்ருட்டி, கடலூர் வழியாக இரண்டு மணி நேரத்தில் சென்றடையக்கூடிய ஓர் ஆற்றங்கரையில் கிடைத்தன என்று சொன்னால் நம்மில் எத்தனை பேர் நம்புவோம்?

புதுச்சேரிக்கு நாம் போகாதவர்கள் அல்ல. திரு இருதய ஆண்டவர் பசிலிக்கா, சம்பா கோவில் என்று மக்கள் அழைக்கும் அமலோற்பவ அன்னை பேராலயம், வில்லியனூர் மாதா திருத்தலம், பிறகு பிள்ளைகளுக்காகக் கடற்கரை. இத்துடன் பேருந்து திரும்பிவிடுகிறது. பாரதி பூங்காவுக்கு அருகே செயின்ட் லூயிஸ் தெருவில் உள்ள அருங்காட்சியகத்திற்குள் நுழைபவர்கள் குறைவு. நுழைபவர்களும் சோழர் கால வெண்கலச் சிலைகளையும், பிரெஞ்சுக்காரர்களின் நாற்காலி, கட்டில், பல்லக்குகளையும் பார்த்துவிட்டு, உடைந்த பானை ஓடுகள் வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டியை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. உரோமைக் கலை என்றால் பளிங்குச் சிலைகளை எதிர்பார்க்கிறோம். இங்கே இருப்பவையோ மண்துண்டுகளும், கடுகுபோன்ற சின்னஞ்சிறு மணிகளும். ஆனால் வத்திக்கான் அருங்காட்சியகத்தின் சிலைகள் சொல்லாத ஒரு செய்தியை இந்த ஓடுகள் நமக்குச் சொல்கின்றன.

இவை கிடைத்த இடம் அரிக்கமேடு. புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆறு கடலில் கலக்குமுன் வளைந்து செல்லும் கரையில் உள்ள மேடு. வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதை 1769இல் புதுச்சேரியிலிருந்து பார்க்க வந்த லெ ஜென்டில் என்ற பிரெஞ்சு வானியலாளர், வீராம்பட்டினம் பகுதி மக்கள் அங்கே பழங்காலப் பெரிய செங்கற்களை எடுத்துப் பயன்படுத்துவதைக் குறித்து வைத்தார். (பாவம், அவர் எதற்காக வந்தாரோ அந்தக் காட்சியை மேகம் மறைத்துவிட்டது.) பிறகு ஏறத்தாழ 170 ஆண்டுகள் யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1930களில் புதுச்சேரிக் கல்லூரியில் அறிவியல் கற்பித்த ஜூவோ துப்ரேய் என்ற பேராசிரியருக்கு அங்கிருந்து மணிகளும், ஒரு தலை பொறித்த முத்திரைக் கல்லும் கிடைத்தன. அந்தத் தலை அகுஸ்து சீசருடையது என்றே அவர் கருதினார்.

இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராக வந்த மார்ட்டிமர் வீலர், 1944இல் சென்னை அருங்காட்சியகத்தில் ஓர் அலமாரிக்குள் கைவிட்டு எடுத்த துண்டு, ஆம்போரா எனப்படும் உரோமைச் சாடியின் கழுத்தும் கைப்பிடியும். அது எங்கிருந்து வந்தது என்று விசாரித்துப் புதுச்சேரிக்கு வந்தார். அங்கே நூலகத்தின் கண்ணாடிப் பெட்டிகளில், இத்தாலியின் அரெட்சோ நகரப் பெயரால் அறியப்படும் பளபளப்பான சிவப்புத் தட்டுகளின் துண்டுகள் இருந்தன. சிலவற்றில் குயவர்களின் முத்திரை இலத்தீன் எழுத்தில் பதிந்திருந்தது: விபி, கமூரி, இட்டா. யாரோ எடுத்துப் பத்திரப்படுத்தியவைதான். ஆனால் பார்க்கத் தெரிந்த ஒருவர் வரும்வரை அவை வெறும் ஓடுகளாகவே இருந்தன.

1945இல் வீலர் அங்கு அகழாய்வு செய்தார். நெய்வேலியில் வாழும் நமக்கு மண்ணடுக்கு என்பதை விளக்கத் தேவையில்லை. சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரியை அடைய மேலே உள்ள மண்ணை ராட்சதச் சக்கர இயந்திரங்கள் வாரி எடுத்து ஒதுக்குகின்றன. "ஓவர்பர்டன்" என்று, அதாவது வேண்டாத சுமை என்று, அதற்குப் பெயரே வைத்திருக்கிறோம். தொல்லியலில் நேர்மாறு. ஒவ்வோர் அங்குல மண்ணும் ஒரு பக்கம்; எந்த அடுக்கில் எது கிடந்தது என்பதே சான்று. அரெட்சோ தட்டுகள் செய்யப்பட்ட காலம் இத்தாலியில் நன்கு அறியப்பட்ட ஒன்று, கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியோடு அவற்றின் காலம் ஏறக்குறைய முடிகிறது. எனவே அவை கிடந்த அடுக்கில் உடன் கிடைத்த நம் நாட்டுப் பானைகளுக்கும் காலம் சொல்ல முடிந்தது. தென்னிந்தியத் தொல்லியலுக்கு அது பெரிய பிடிமானம். இயேசு நாசரேத்தில் தச்சராக உழைத்த ஆண்டுகளை ஒட்டி, இத்தாலியக் குயவர் ஒருவர் தன் பெயரைப் பதித்த தட்டு இந்த ஆற்றங்கரையில் யாருடைய உணவையோ தாங்கியிருக்கிறது.

வீலர் இதை உரோமையர் அமைத்த வணிகத் தளமாகவே எண்ணினார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் நடந்த அகழாய்வு அந்தக் கருத்தைத் திருத்தியது. உரோமைச் சரக்கு வருமுன்பே இங்கு மக்கள் வாழ்ந்தார்கள், மணிகள் செய்தார்கள். கப்பல்கள் நின்ற பின்னரும் வாழ்ந்தார்கள். "எரித்திரேயக் கடல் பயணக் குறிப்பு" என்ற கிரேக்க நூல் சொல்லும் பொதுகே துறைமுகம் இதுவே என்பது அறிஞர் பலரின் முடிவு. யவனர் கொண்டுவந்த மதுவைப் புறநானூறும் குறிப்பிடுகிறது. ஆம்போராக்களில் மதுவும் ஒலிவ எண்ணெயும் வந்தன. மிளகும் மணியும் துணியும் போயின. இந்தியாவுக்கு ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் பணம் போய்விடுகிறது என்று பிளினி என்ற உரோமை எழுத்தாளர் அங்கலாய்த்தார்.

அந்தப் பணத்தையும் நாம் பார்க்கலாம். அதற்குச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் செல்ல வேண்டும். சீசருக்கு வரி செலுத்துவது பற்றிக் கேட்டவர்களிடம் இயேசு ஒரு தெனாரியத்தைக் கொண்டுவரச் சொன்ன நிகழ்ச்சியை நாம் அறிவோம் (மாற்கு 12:13-17). அது திபேரியுவின் வெள்ளிக்காசாக இருந்திருக்கும் என்பது விவிலிய அறிஞர் பலரின் கருத்து. ஒரு பக்கம் பேரரசரின் தலை, மறுபக்கம் அமர்ந்திருக்கும் ஒரு பெண். அதே வகைக் காசுகள் கோவை, கரூர் பகுதிகளின் புதையல்களில் ஏராளமாகக் கிடைத்துள்ளன. புதுக்கோட்டைப் பகுதியில் 1898இல் கிடைத்த 501 உரோமைப் பொற்காசுகள் இன்னும் வியப்பானவை. அவற்றில் மிகப் பலவற்றில் பேரரசரின் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டு விழுந்திருக்கிறது. புழக்கத்திலிருந்து நீக்குவதற்காக வெட்டினார்கள் என்பது ஒரு விளக்கம். தங்கம் உண்மையா என்று சோதித்தார்கள் என்பது இன்னொன்று. எருசலேமில் அந்த உருவம் யாருடையது என்பது உயிர்போகும் கேள்வியாக இருந்தது. இங்கே தமிழகத்தில் அது எடைபோட்டு வாங்கும் உலோகம். சீசரின் முகத்துக்கு மரியாதை இல்லை!

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. அரிக்கமேட்டைப் பற்றிப் பேசும்போது, "பார்த்தீர்களா, புனித தோமையார் இந்தியா வந்ததற்கு இதுவே ஆதாரம்" என்று நம்மில் சிலர் சொல்லிவிடுகிறோம். ஓடுகள் அப்படிச் சொல்லவில்லை. திருத்தூதர் கி.பி. 52இல் வந்தார் என்பது நம் திருச்சபையின் தொன்மையான மரபு. அந்தக் காலத்தில் செங்கடல் துறைகளிலிருந்து தென்னிந்தியாவுக்குக் கப்பல்கள் வழக்கமாக வந்தன என்பதே தொல்லியல் காட்டுவது. பாதை இருந்தது என்பதற்கு ஓடு சாட்சி. அதில் பயணம் செய்த ஒருவரைப் பற்றி அது பேசாது. அதற்குமேல் அதன் வாயில் சொற்களைத் திணித்தால், நம் மரபையே பிறர் ஐயப்படும்படி செய்துவிடுவோம். மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இந்த வேறுபாட்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அருங்காட்சியகம் பார்த்தபின் அரிக்கமேட்டுக்கும் போய்வரலாம். தோண்டிய குழிகள் மூடப்பட்டுவிட்டதால், மாமரமும் தென்னையும் ஆறும்தான் கண்ணில் படும். இடிந்து நிற்கும் செங்கல் சுவர்களைக் கண்டு "உரோமையர் கட்டியது" என்று படம் எடுப்பவர்கள் உண்டு. அவை 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. பாரிஸ் அயல்நாட்டு மறைபணிச் சபையின் குருமடத்தைச் சார்ந்தவை என்பது பொதுவான கருத்து. சயாமின் தலைநகர் அயுத்தயாவில் இருந்த குருமடம் இடம்விட்டு இடம் அலைந்து, 1770இல் வீராம்பட்டினத்துக்கு வந்தது. சீன, வியட்நாமிய, சயாமிய இளைஞர்கள் குருத்துவப் பயிற்சிக்காக இந்த மீனவ ஊரின் ஓரத்தில் வந்து தங்கினார்கள். அவர்களை அழைத்து வந்த பிஞ்ஞோ தெ பெஹேன் 1774இல் சென்னை சாந்தோமில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். வியட்நாமிய-இலத்தீன் அகராதியை அவர் உருவாக்கியதும் புதுச்சேரியில் இருந்த இந்த ஆண்டுகளில்தான். கமூரியின் பெயர் பொறித்த தட்டுகள் புதைந்து கிடந்த அதே கரையில், 1,700 ஆண்டுகளுக்குப் பிறகு வியட்நாமிய மாணவர்கள் இலத்தீன் பாடம் படித்தார்கள். தங்கள் காலடியில் என்ன இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.