காலையில் கை மடங்க எவ்வளவு நேரம் ஆகிறது?

நாற்பது வயதுப் பெண்மணி அவர். எட்டு மாத மூட்டு வலியைத் தடித்த ஃபைலாக்கிக் கையில் வைத்துக்கொண்டு புறநோயாளிகள் பிரிவில் உட்கார்ந்திருந்தார். எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள், தீர்ந்துபோன மாத்திரை அட்டைகள் எல்லாம் அதில் இருந்தன. "ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ், வாதமெல்லாம் இல்லைன்னு சொல்லிட்டாங்க. வலி மாத்திரை போட்டா நிக்குது, விட்டா வந்துருது" என்றார்.

என்னுடன் நின்ற மாணவி ஃபைலைத் திறக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "காலையில எழுந்ததும் கையை மடக்க முடியுதாம்மா?" என்று கேட்டார்.

"எங்க டாக்டரம்மா... ஆறு மணிக்கு எழுந்தா ஏழரை ஆயிடும். அதுவரைக்கும் பால் பாக்கெட்டைக்கூட வெட்ட முடியாது. என் பொண்ணுதான் வந்து வெட்டிக் குடுக்கும்."

நோயின் பெயர் அந்தப் பதிலிலேயே இருந்தது. எட்டு மாதமாக யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

விரல்கள் சொல்வது

தேய்மான வாதத்திலும் காலையில் பிடிப்பு வரும். நாலு எட்டு நடந்தால் பெரும்பாலும் அரை மணிக்குள் விட்டுவிடும். ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் எனப்படும் முடக்குவாதத்தின் பிடிப்பு ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ நீடிக்கும். இந்த நோய் விரல்களின் அடி மூட்டு, நடு மூட்டு, மணிக்கட்டு, கால்விரல்களின் அடி மூட்டு ஆகியவற்றைப் பெரும்பாலும் இரண்டு பக்கமும் சேர்த்துத் தாக்கும். நகத்தை ஒட்டிய நுனி மூட்டைப் பொதுவாக விட்டுவிடும். தொட்டுப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியும். தேய்மானத்தில் வீக்கம் எலும்புபோலக் கெட்டியாக இருக்கும். முடக்குவாதத்தில் பிசைந்த மாவுபோல மெத்தென்று அழுந்தும்.

மாணவி அந்த அம்மாவின் விரல்களின் அடி மூட்டுகளைப் பக்கவாட்டில் சேர்த்து மெல்ல அழுத்தினார். அவர் முகம் சுளித்துக் கையை இழுத்துக்கொண்டார். பத்து வினாடிகூட ஆகாத, செலவே இல்லாத சோதனை இது.

சிக்குன்குனியாவுக்குப் பிறகும் இதே மாதிரி வலி வரலாம். ஆகவே காய்ச்சல் வந்ததா, எப்போது வந்தது என்று கேட்டாக வேண்டும். வீக்கம் ஆறு வாரத்தைத் தாண்டினால், 'வைரஸ் வலி, தானாகப் போய்விடும்' என்று சும்மா இருக்கக் கூடாது.

சீட்டை மட்டும் நம்பினால்

முடக்குவாதம் உள்ள 100 பேரில் 20 முதல் 30 பேருக்கு ஆர்.ஏ. ஃபேக்டர் என்ற ரத்தப் பரிசோதனை நெகட்டிவாகவே இருக்கும். நோயே இல்லாத முதியவர்களுக்கும், சில தொற்று உள்ளவர்களுக்கும் அது பாசிட்டிவாக வருவதுண்டு. 2010ஆம் ஆண்டு அமெரிக்க, ஐரோப்பிய மூட்டுநோய் அமைப்புகள் சேர்ந்து வகுத்த அளவுகோலில் மொத்தம் 10 புள்ளிகள். 6 அல்லது அதற்கு மேல் எடுத்தால் முடக்குவாதம். சிறு மூட்டுகள் உட்படப் பத்துக்கு மேற்பட்ட மூட்டுகள் பாதிக்கப்பட்டிருந்தால் 5, ஆறு வாரம் நீடித்திருந்தால் 1. ரத்தச் சீட்டு கைகொடுக்காவிட்டாலும் 6 வந்துவிடுகிறது.

ஏ.எஸ்.ஓ. என்ற ரத்தப் பரிசோதனையின் அளவும் இப்படித்தான். அது கூடியிருந்தால் எப்போதோ தொண்டையில் தொற்று வந்துபோனது என்பதற்குத்தான் சான்று. அந்த ஒற்றை எண்ணை வைத்து மூட்டுவலிக்கு மாதாமாதம் பென்சிலின் ஊசி போடுவது சரியல்ல.

வலியா, பலவீனமா?

"கை காலெல்லாம் முடியல" என்று நோயாளி சொன்னால், அது வலியா பலவீனமா என்று பிரித்துக் கேளுங்கள். தரையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை, தலை வாரக் கை தூக்க முடியவில்லை என்றால் தசை நோயை நினைக்க வேண்டும். சிறுவன் தன் தொடையிலேயே கை ஊன்றி ஏறி எழுந்தால் தசைச் சிதைவு நோயா என்று பார்க்க வேண்டும். காலையில் தெளிவாக இருந்து, சாயங்காலம் இமை சரிந்து, பேச்சு குழறினால் மயஸ்தீனியா கிராவிஸ் என்ற நரம்பு-தசை இணைப்பு நோயாக இருக்கலாம். இளம் வயதில், பின்னிரவில் முதுகு வலித்து எழுப்பி, நடந்தால் குறைந்தால் அது முதுகெலும்பு வாதத்தின் அடையாளம். இளம் பெண்ணுக்கு மூட்டு வலியோடு வெயில் பட்டால் முகம் சிவப்பதும், முடி கொட்டுவதும், வாய்ப்புண்ணும் சேர்ந்தால் லூபஸ் என்ற நோயா என்று பாருங்கள். சிறுநீரில் புரதம் போகிறதா என்பதையும் அன்றே சோதியுங்கள்.

ஒன்றை மட்டும் நாளைக்குத் தள்ளக் கூடாது. காய்ச்சலோடு ஒரே ஒரு மூட்டு சுட்டு, வீங்கி, அசைக்க முடியாமல் போனால் அது சீழ் பிடித்த மூட்டாக இருக்கலாம். ஊசியால் நீர் எடுத்துப் பார்க்க வேண்டும். ஓரிரு நாள் தாமதமே குருத்தெலும்பை அரித்துவிடும்.

பெயரில்லாத பொடி

மூன்றே நாளில் வலி பறந்துவிடும் என்று கொடுக்கும் சில பொட்டலங்களில் ஸ்டீராய்டு கலந்திருப்பது உண்டு. முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். அடியில் நோய் மூட்டை அரித்துக்கொண்டே இருக்கும். மாதக்கணக்கில் சாப்பிட்டதை ஒரே நாளில் நிறுத்துவதும் உயிருக்கு ஆபத்து. மருத்துவரிடம் உள்ளதைச் சொல்லிப் படிப்படியாகக் குறையுங்கள். வாதத்தைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அப்படி விளம்பரம் கண்டால் மருந்து ஆய்வாளரிடம் புகார் கொடுக்கலாம்.

கேட்டுப் பெற வேண்டியவை

உங்கள் நோய் என்ன, மருந்து என்ன, பக்கவிளைவு என்ன என்று தெரிந்துகொள்வது உங்கள் உரிமை. இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பதும் உரிமைதான். அதில் யாரும் கோபப்பட இடமில்லை. சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002ஆம் ஆண்டு மருத்துவ ஒழுக்க விதிகள் சொல்கின்றன. சிகிச்சையில் கவனக்குறைவு நேர்ந்தால் மாநில மருத்துவ கவுன்சிலிடம் போகலாம். கட்டணச் சிகிச்சை என்றால் இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்தையும் நாடலாம். இரண்டுக்கும் அந்த ஃபைல்தான் சாட்சி, தொலைத்துவிடாதீர்கள்.

சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் மூட்டுநோய்க்கெனத் தனித்துறையே இருக்கிறது. தசைச் சிதைவு நோய், 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் ஒன்று. 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்புள்ளவர்கள் சான்றிதழ் பெற்று, சட்டம் தரும் ஒதுக்கீட்டையும் உதவிகளையும் கேட்கலாம்.

அந்த அம்மாவுக்கு, ரத்தமும் கல்லீரலும் சோதித்த பிறகு, மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை எழுதினோம். முடக்குவாதத்துக்கு இதை வாரத்துக்கு ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தினமும் விழுங்கினால் ரத்த அணுக்கள் சரிந்து உயிரே போகலாம். கர்ப்பிணிகளும், கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களும் தொடவே கூடாது. மாணவி சீட்டை வாங்கி, மருந்தின் பெயருக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் 'ஞாயிறு மட்டும்' என்று தமிழில் எழுதினார். அந்த அம்மா அதை இரண்டு முறை சத்தமாகப் படித்துக் காட்டிய பிறகே சீட்டைக் கையில் கொடுத்தார்.