128 பைட்டில் ஒரு மோட்டார்

வடலூரிலிருந்து சென்னை ரிச்சி தெருவுக்குப் போய்வர ஒரு பகல் முழுதும் போய்விடும். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சிதம்பரத்திலும் கடலூரிலும் மின்னணுவியல் படித்த வடலூர் மாணவர்கள் இறுதியாண்டு புராஜெக்டுக்காக அந்தப் பயணத்தை மேற்கொண்டார்கள். விடியலில் கும்பகோணத்திலிருந்து வரும் பேருந்தைப் பிடித்து, பண்ருட்டி, விக்கிரவாண்டி வழியாகச் சென்னை சேர்ந்து, அண்ணா சாலையை ஒட்டிய அந்தக் கடைத்தெருவில் 89சி51 சிப், 11.0592 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், ரிலே, 7805 ரெகுலேட்டர், டாட் போர்டு என்று சீட்டைப் பார்த்து ஒவ்வொன்றாக வாங்குவார்கள். ஒரு பொருள் விட்டுப்போனால் இன்னொரு நாள் போக வேண்டும். இன்று வடலூர்ப் பள்ளி மாணவன் கைபேசியில் பதிவு செய்தால் ஈஎஸ்பி32 போர்டு வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது.

இன்டெல் நிறுவனம் 1980-இல் வெளியிட்ட 8051 மைக்ரோகன்ட்ரோலர்தான் அன்றைய பாடம். 89சி51-உம் அதே குடும்பம். நிரலுக்கு 4 கிலோபைட், தரவுக்கு 128 பைட். இந்தக் கட்டுரையின் முதல் வாக்கியத்தை இன்றைய யூனிகோடில் எழுதினால் அந்த 128 பைட்டில் அடங்காது. 2016-இல் வந்த ஈஎஸ்பி32-இல் தரவு நினைவகம் மட்டும் 520 கிலோபைட். நாலாயிரம் மடங்குக்கும் மேல். அது 240 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது, வைஃபையும் புளூடூத்தும் உள்ளேயே இருக்கின்றன. 8051-க்கு 12 மெகாஹெர்ட்ஸ் கொடுத்தாலும் அதில் பன்னிரண்டு துடிப்புக்கு ஒரு சுற்று என்பதால், சாதாரணக் கட்டளை ஒன்றுக்கு ஒரு மைக்ரோ விநாடி ஆகும்.

அந்தச் சிப்பை மாணவர் முதலில் சந்தித்தது சி மொழியில் அல்ல. ஆய்வகத்துப் பயிற்சிக் கிட்டில் எண் விசைப்பலகையும் சிவப்பு எழுத்துக் காட்சியும் இருக்கும். 4100 என்ற முகவரியில் தொடங்கி 74, ஒரு எண், 24, இன்னொரு எண் என்று தட்டிக்கொண்டே போக வேண்டும். இரண்டு எண்களைக் கூட்டி விடையை 4500-இல் வைப்பதற்கு ஒரு பக்கம் கைக்கணக்கு. பிறகுதான் கெய்ல் கம்பைலரின் சோதனைப் பதிப்பு மூலம் சி வந்தது. அதில் 2 கிலோபைட்டுக்கு மேல் நிரல் எழுத முடியாது. பாலகுருசாமியின் புத்தகத்தில் கணினிக்காகப் படித்திருந்த அதே சி மொழிதான். ஆனால் இங்கே அச்சிட்டுக் காட்டத் திரை இல்லை. ஒரு எல்இடி எரிந்தால் அதுவே விடை. கணினியில் நிரல் முடிய வேண்டும். சிப்பில் முடியவே கூடாது, முடிந்தால் திரும்பிப் போக அங்கே இடம் கிடையாது. ஆகவே முதன்மைச் செயற்கூறில் முடிவில்லாச் சுழற்சி ஒன்றை எழுதக் கற்றார்கள். ‘இன்ட்’ என்றால் இரண்டு பைட் போகும் என்று ‘அன்சைன்ட் கேரக்டர்’ எழுதி ஒரு பைட்டை மிச்சம் பிடித்தார்கள்.

12 மெகாஹெர்ட்ஸில் ஒரு மில்லி விநாடி காத்திருக்க வேண்டுமா? டைமர் 65536-இல் நிரம்பி வழியும். அதிலிருந்து ஆயிரத்தைக் கழித்து 64536-ஐ டைமரில் இட வேண்டும். 11.0592 என்ற விசித்திரமான கிரிஸ்டல் எதற்கு? 12-ஆல் வகுத்து, 32-ஆல் வகுத்தால் 28,800 வரும். அதை மூன்றால் வகுத்தால் சரியாக 9600, கணினியோடு பேசும் வேகம். இன்று ‘டிலே’ என்று எழுதி 1000 போட்டால் ஒரு விநாடி கடந்துவிடுகிறது. அந்த விநாடி எங்கிருந்து வருகிறது என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. எனக்கு இந்த மாற்றத்தில் முதலில் உறுத்துவது இதுதான்.

சிப்பில் நிரலை ஏற்றுவதை இங்கே ‘டம்ப்’ செய்வது என்பார்கள். ஈப்ராம் காலத்தில் சிப்பின் கண்ணாடிச் சன்னலைப் புறஊதா விளக்கின் கீழ் பதினைந்து இருபது நிமிடம் வைத்து அழித்த பிறகே மறுபடி எழுத முடியும். அதனால் எங்காவது தவறு இருக்கிறதா என்று தாளில் மூன்று முறை பார்த்தார்கள். ஆட்மெலின் 89சி51 வந்தபின் மின்சாரத்திலேயே அழிந்தது. ஆனாலும் போர்டிலிருந்து சிப்பைப் பிடுங்கிப் புரோகிராமரில் செருக வேண்டும், அதில் பின் வளையும், சில சமயம் ஒடியும். இன்று யுஎஸ்பி கம்பி ஒன்று போதும். போர்டே இல்லாவிட்டாலும் வோக்வி போன்ற சிமுலேட்டரில் இணையத்திலேயே ஓட்டிப் பார்க்கலாம். தவறு செய்ய அஞ்சாமல் கற்பது பெரிய பேறு. அதை யாரும் குறைத்துப் பேசக் கூடாது.

இந்த வட்டாரத்தில் புராஜெக்ட் என்றாலே வயல் மோட்டார்தான். மும்முனை மின்சாரம் நள்ளிரவில் வந்தால் கொல்லைக்கு நடந்து போய் மோட்டார் போட வேண்டியிருந்தது. அந்த நடையை மிச்சப்படுத்தப் பழைய செல்போனின் ஹெட்போன் துளையிலிருந்து கம்பி இழுத்து, எம்டி8870 என்ற சிப்பால் விசை ஒலியைப் பிரித்து, 8051-க்குக் கொடுத்து, ரிலே வழியாக ஸ்டார்ட்டரை இயக்கினார்கள். அந்தப் போனை அழைத்து ஒன்றை அழுத்தினால் ஓடும், இரண்டை அழுத்தினால் நிற்கும். அந்த வேலைக்கு 128 பைட் தாராளம். இன்று ஈஎஸ்பி32 மோட்டாரை ஓட்டுவதோடு, எந்தப் பேஸில் மின்சாரம் வரவில்லை, கிணற்றில் தண்ணீர் எவ்வளவு என்று கைபேசிக்குச் செய்தியும் அனுப்புகிறது. விவசாயிக்கு இது கூடுதல் பயன். மோட்டார் காயில் கருகாமல் தப்பும். ஆனால் அந்த நிரலில் மாணவர் எழுதியது சில வரிகளாகவும், எடுத்துச் சேர்த்த லைப்ரரிகள் பல்லாயிரம் வரிகளாகவும் இருக்கின்றன. மழைநாள் இரவில் அது நின்றுபோனால் எங்கே தேடுவது என்று அவருக்குத் தெரிவதில்லை. அன்றைய மாணவருக்கு எல்லா வரியும் சொந்த வரி. பிழையும் சொந்தப் பிழை.

அதற்காகக் கிட்டுக்கும் புறஊதா விளக்குக்கும் திரும்ப வேண்டியதில்லை. கடலூர், சிதம்பரம் பகுதிக் கல்லூரி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு. ஏடிமெகா328 சிப் உள்ள ஆர்டுயினோ ஊனோ போர்டின் 13-ஆம் பின்னில் உள்ள எல்இடியை, முதல் வாரம் மட்டுமாவது, லைப்ரரி இல்லாமல் எரிய வையுங்கள். டிடிஆர்பி, போர்ட்பி என்ற இரண்டு ரெஜிஸ்டர்களில் 5-ஆம் பிட்டை 1 ஆக்கினால் போதும். சி மொழியில் இரண்டே வரி. ஏன் 5-ஆம் பிட் என்பதற்கான விடை ஏடிமெகா328-இன் டேட்டாஷீட்டிலும் போர்டின் வரைபடத்திலும் இருக்கிறது. இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன.