விழுந்த விறகு யாருக்கு?

யாழ்ப்பாணம் காடில்லாத நாடு. மலையில்லை, வற்றாத ஆறில்லை, மரமடர்ந்த வனமும் அருமை. ஆயினும் தலைமுறை தலைமுறையாக அங்கே அடுப்பு எரிந்துகொண்டே வந்திருக்கின்றது. அதற்கு விறகு எங்கிருந்து கிடைத்தது? இக்கேள்விக்கு விடை தேடப் புகுந்தால், அடுக்களையிலே தொடங்கும் வழி வேலியடிக்குச் செல்லும். அங்கிருந்து காணியுறுதிக்குச் செல்லும். முடிவிலே மனிதர் மனிதரை நடத்திய முறைமைக்கே நம்மைக் கொண்டுபோய் விடும்.

வடமராட்சியிலே, நெல்லியடிச் சந்தியை அடுத்த கரவெட்டி என் ஊர். குளிர்நாட்டார்போல வீட்டைச் சூடாக்க எமக்கு விறகு வேண்டியதில்லை. மார்கழிப் பனியிலே முற்றத்துச் சருகைக் கூட்டிக் கொளுத்திக் குளிர்காய்வதோடு அத்தேவை தீர்ந்துவிடும். ஆனால் மூன்று வேளைச் சமையலுக்கும், நெல் அவிப்பதற்கும், பனங்கிழங்கு அவித்துப் புழுக்கொடியலாக்குவதற்கும், பிள்ளை பெற்றவள் குளிக்க வெந்நீர் வைப்பதற்கும் ஓயாமல் விறகு வேண்டும்.

அவ்விறகிலே பெரும்பங்கு பனை தந்தது. அதற்காக மரத்தைத் தறிக்க வேண்டியதில்லை. தனக்கு வேண்டாததைப் பனை தானே கழற்றிப் போடும். பன்னாடை தீமூட்ட உதவும். காவோலை பொசுக்கென்று எரிந்து தணிந்துவிடுமாதலால் அதைத் தள்ளிக்கொண்டு அடுப்படியிலேயே ஒருவர் இருத்தல் வேண்டும். கொக்காரை நின்றெரியும். கிழங்கு கிண்டியபின் எஞ்சும் ஊமல் கனன்று தணலாகும். சோளகக் காற்று வீசும் இரவுகளிலே பனங்கூடலிலிருந்து காவோலை விழும் ஓசை சரசரவென்று கேட்டுக்கொண்டேயிருக்கும். காவோலை விழக் குருத்தோலை சிரித்ததாம் என்பது எங்கள் பழமொழி. இளமையின் அறியாமையை உணர்த்த வந்தது அது. ஆனால் அந்த ஓசையை நாளைய அடுப்புக்கு வந்த நற்செய்தியாகக் கேட்டு, விடியுமுன் எழுந்தவர்களும் ஊரிலே பலர் இருந்தனர்.

இரண்டாவது ஊற்று வேலி. கிளுவை, பூவரசு, முள்முருக்கை முதலியவற்றின் தடிகளைக் கதியாலாக நட்டால் அவை வேர்விட்டுத் தழைக்கும். காலம் பார்த்துக் கிளைகளை வெட்டுவர். குழை ஆட்டுக்கும் தோட்டத்துக்கும் போகும். தடி காய்ந்து விறகாகும். கதியால் மீண்டும் துளிர்க்கும். வெட்ட வெட்ட வளரும் காடொன்றை யாழ்ப்பாணத்தான் தன் எல்லையிலே வைத்திருந்தான் எனலாம். இவற்றுக்கு மேலதிகமாக வன்னிக் காட்டுப் பாலையும் வீரையும் லொறிகளிலே வந்து விறகுகாலைகளிலே குவிந்தன. அவை காசுள்ளவர்க்கு.

விறகு கொத்துவதும் ஒரு கலையே. மரத்தின் நாரோட்டம் பார்த்து, வெடிப்புள்ள இடத்திலே ஆப்பை இறுக்கி, கோடாலியால் அடிக்கவேண்டும். கணுவிலே போட்டால் கோடாலி சிக்கிக்கொள்ளும். பச்சை மரத்தின் நிறையிலே ஏறக்குறைய பாதி நீராகவே இருக்கக்கூடும். அந்நீரை ஆவியாக்குவதிலேயே தீயின் வலிமை வீணாகும். எஞ்சுவது புகையும் கண்ணீருமே. ஆகையால் கொத்தியதை வெயிலிலே பரப்பி, மாரிக்கு முன்னர்த் தாவாரத்தில் அடுக்கி வைத்தல் எங்கள் வீட்டு வழக்கம்.

இதுவரை கூறியவை வளவுடையவர் கதை. வளவே இல்லாதவர் என் செய்தனர்?

1960களின் தொடக்கத்திலே நான் சிறுவன். காலை வேளைகளிலே சாக்கும் கயிறும் கொண்டு சில பெண்கள் எங்கள் படலையிலே வந்து நிற்பார்கள். “நாச்சியார், ரண்டு காவோலை பொறுக்கட்டோ?” என்று கேட்பார்கள். அம்மா அடுக்களையிலிருந்தபடியே, “விழுந்த ஓலைக்கு ஆரிட்டைக் கேக்கிறது? எடுத்துக்கொண்டு போ, பிள்ளை. கதியாலிலை மட்டும் கை வையாதை” என்பா. நிலத்தில் கிடப்பதை எடுக்கலாம். மரத்தில் தொங்குவதைக் கேட்டு எடுக்கவேண்டும். வேலியைத் தொடக்கூடாது என்பதே எங்கள் வளவின் சட்டம். நல்ல சட்டந்தான். ஆயினும் அது எழுதப்பட்டதன்று. அம்மாவின் மனத்திலே இருந்தது. அடுத்த வளவிலே வேறொரு மனம், வேறொரு சட்டம். அங்கே ஒரு கட்டு ஓலைக்கு முற்றங் கூட்டவேண்டும். சிலவேளை அரைநாள் களை பிடுங்கவேண்டும். இலவச விறகு என்பதன் விலை அதுவாக இருந்தது.

இதிலே என் நெஞ்சை இன்றும் உறுத்துவது ஒன்றுண்டு. பனையிலே ஏறி, வட்டைச் சுத்தஞ்செய்து, ஓலை வெட்டி வீழ்த்தியவன் எவனோ, அவனுடைய மனைவியே படலைக்கு வெளியே நின்று அந்த ஓலைக்குக் கையேந்தினாள். மரத்தின் உச்சிவரை செல்ல அவனுக்கு உரிமை இருந்தது. அதன் அடியிலே விழுந்ததை எடுக்க அவளுக்கு உரிமை இருக்கவில்லை. சாதி என்பது கோயில் வாசலிலும் கிணற்றடியிலும் மட்டுமே நின்றதென எண்ணுவோர், விறகுக் கட்டையும் சற்றுப் பார்த்தல் வேண்டும்.

திருவிளையாடற் புராணத்திலே விறகு விற்ற படலம் என்றொரு பகுதி உண்டு. பாணபத்திரருக்காகச் சோமசுந்தரக் கடவுள் விறகாளாகி மதுரை வீதியிலே வந்தார் என்பது கதை. வகுப்பிலே அதைப் படித்த நாளில் எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. அந்த விறகை அவர் எவர் காணியிலே வெட்டினார்? புராணத்திலே இதனைக் கேட்பாரில்லை. எங்கள் ஊருக்கு அவர் வந்திருந்தால் முதற்கேள்வி அதுவாகத்தான் இருந்திருக்கும்.

இக்கேள்வி எம்மவர்க்கு மட்டும் உரியதன்று. குளிர்காலத்திலே விறகின்றி உயிர்வாழ்தல் அரிதான ஜெர்மனியிலே, ரைன் மாகாணச் சபை விறகுத் திருட்டுச் சட்டம் ஒன்றை விவாதித்தது. காட்டிலே தாமாக முறிந்து கிடக்கும் சுள்ளிகளைப் பொறுக்குவதும் திருட்டாகவே கொள்ளப்படலாயிற்று. 1842ஆம் ஆண்டு அக்டோபர், நவம்பர் மாதங்களிலே இருபத்துநான்கு வயது இளைஞர் ஒருவர் பத்திரிகையிலே அதைக் கண்டித்து எழுதினார். மரத்துக்கு உரியவன் மரத்துக்கே உரியவன். விழுந்த சுள்ளியோ மரத்திலிருந்து பிரிந்தபோதே அவனுடைய உடைமையிலிருந்தும் பிரிந்துவிட்டது என்பது அவர் வாதத்தின் சாரம். அவர் கார்ல் மார்க்ஸ். பொருளியற் பிரச்சினைகளின்பால் தம்மை முதலில் திருப்பியவற்றுள் இவ்விவாதமும் ஒன்றென 1859இலே அவரே குறித்துள்ளார். அவருடைய பிற்காலக் கொள்கைகளை ஏற்பவரும் மறுப்பவரும் இவ்வாதத்தை என் தாயாரின் வாக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். நூல் எதுவும் படியாத அவரும் அதையேதான் சொன்னார்.

எங்கள் ஊர்ச் சட்டத்துக்குப் பெருஞ்சோதனை 1995இலே வந்தது. 1990இலே போர் மீண்டும் மூண்டபின் மின்சாரம் நின்றுபோய், மண்ணெண்ணெய் கிடைத்தற்கரிய பொருளாகி, குடாநாடு முழுவதும் விறகையே நம்பியிருந்தது. பனைகள் பல பதுங்குகுழிகளுக்காகத் தறிக்கப்பட்டன. பல ஷெல்லடியிலே தலையிழந்தன. 1995 அக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடுகளை விட்டுத் தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் பெயர்ந்தனர். மாரிகாலம். எங்கள் வளவிலே நான்கு குடும்பங்கள். நான்கு இடத்தில் முக்கல் அடுப்பு. நனைந்த ஓலை புகைந்தது, எரிய மறுத்தது. முதுமையுற்றிருந்த அம்மா, “வேலியிலை வெட்டுங்கோ, தம்பி. பிள்ளையளுக்குக் கஞ்சி வையுங்கோ” என்று சொல்லித் தம் சட்டத்தைத் தாமே தளர்த்தினார். சில கிழமைகளிலே எங்கள் வேலி மொட்டையாயிற்று. எவரும் அதற்காக வருந்தவில்லை.

ஆயின் அதே நாட்களிலே, அதே ஒழுங்கையிலே வேறொன்றையும் கண்டேன். முன்பின் அறியாத இடம்பெயர்ந்தோர்க்குத் தன் பனங்கூடலை மனமுவந்து திறந்துவிட்ட ஒருவர், இரண்டு தலைமுறையாகத் தம் தோட்டத்திலே பாடுபட்ட குடும்பத்தைப் படலைக்கு வெளியிலேயே நிறுத்தினார். அகதிக்குத் திறந்த படலை அயலானுக்குத் திறக்கவில்லை. இரக்கம் உண்டாவது எளிது. உரிமையை ஒப்புக்கொள்வதே அரிது என்பதை அன்று நான் கற்றுக்கொண்டேன்.

இன்று காட்சி மாறிவிட்டது. கதியால் வேலிகள் இருந்த இடத்திலே சீமெந்து மதில்கள் எழுந்துள்ளன. அடுக்களையிலே எரிவாயு அடுப்பு. இதனை நான் பழிக்கமாட்டேன். விறகுப் புகையின் கொடுமையை எம் தாய்மாரின் இருமல் சொல்லும். வீட்டினுள் எழும் இத்தகைய புகையினால் 2020ஆம் ஆண்டிலே உலகிலே 32 இலட்சம் பேர்வரை இறந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. ஆனால் 2022இலே நாடு பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்து, எரிவாயுவுக்கு மக்கள் நீண்ட வரிசையிலே காத்துநின்றபோது, பலர் மீண்டும் காவோலையைத் தேடினர். அப்பொழுதுதான் மதில் விறகு தராது என்பது பலருக்கு விளங்கிற்று. காணியில்லாதவர்க்கோ அது புதிய பாடமன்று. முன்னர் வேலிப் பொட்டினூடாகவேனும் உள்ளே புகலாம். மதிலிலே பொட்டும் இல்லை.

ஆசிரியர்களும் மாணவர்களும் மனம்வைத்தால் செய்யக்கூடியது ஒன்றுண்டு. பள்ளிக்கூட வளவுகளிலும், கோயில் வீதிகளிலும், குளக்கரைகளிலும் பனையும் பூவரசும் நாட்டுவோம். அங்கே விழும் ஓலையும் சுள்ளியும் எவரும் எவரிடமும் கேளாமல் எடுத்துச் செல்லத்தக்க பொதுப்பொருள் என்று ஊர் கூடி முடிவுசெய்வோம். எரிப்பவரின் அடுக்களைக்குப் புகைபோக்கி வைத்த அடுப்பு கிடைக்கவும் வழிகாண்போம். பெருஞ்செலவுள்ள காரியமன்று இது. காவோலையை விழுத்தும் பனை, அடியிலே நிற்பவர் இன்னாரென்று விசாரிப்பதில்லை. விசாரித்துக்கொண்டிருப்பவர்கள் நாமே, அதை நிறுத்தவேண்டியவர்களும் நாமே.